ஊர் சுற்றிய கச்சேரி

கச்சேரி என்றால் இன்று நமக்குச் சங்கீதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மார்கழி மாதம், சபா வாசல், தம்புராச் சுருதி, கான்டீனில் நெய் மணக்கும் பொங்கல் என்று மனம் ஓடுகிறது. நம் கொள்ளுப் பாட்டனார் காலத்தில் அப்படியில்லை. ஒருவர் காலையில் குளித்து, தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு, "கச்சேரிக்கு நேரமாகிவிட்டது" என்று கிளம்பினால், அவர் பாட்டுக் கேட்கப் போகவில்லை. உத்தியோகம் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். மயிலாப்பூரில் இருக்கும் கச்சேரி ரோடு சங்கீதத்தினால் பெயர் பெற்றதல்ல. சர்க்கார் கச்சேரியினால் பெயர் பெற்றது.

அந்தக் காலத்துக் கச்சேரிக்குக் கட்டடம் அவசியமாக இருக்கவில்லை. பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் ஆலமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்குக் கேட்டால், அன்றைக்கு அந்த ஆலமரத்தடிதான் கச்சேரி. மறுநாள் ஆலமரம் மறுபடியும் ஆலமரமாகிவிடும். கச்சேரி வண்டியேறி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இதை இப்போது எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடி மாளிகைகளில் சில வருஷங்களாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. 'நெகிழ்வான அலுவலகம்' என்கிறார்கள். யாருக்கும் சொந்த மேஜை கிடையாது. தடுப்புச் சுவர்களை இஷ்டப்படி நகர்த்தலாம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இன்று நூறு பேர் உட்காரும் கூடத்தில் நாளை இருநூறு பேர் உட்காரலாம். காலம் மாறுகிறது, வேலை மாறுகிறது, அலுவலகமும் மாறத்தானே வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது ஏதோ நேற்றைக்கு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட அதிசயம் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் ஆயிரம் வருஷங்களாக அலுவலகங்கள் இடம் மாறியும் உருமாறியும் வந்திருக்கின்றன. அவற்றின் கதையைப் பார்த்தால், அலுவலகம் மாறுமா, மாறாதா என்பது பெரிய விஷயமல்ல என்று தெரியும். யாருடைய சௌகரியத்துக்காக மாறுகிறது, மாறுகிற சிரமத்தை யார் சுமக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

* * *

முதலில் செங்கற்பட்டுக்கு மேற்கே உத்திரமேரூருக்குப் போவோம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த ஊர். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் என்று வழங்கும் மண்டபத்தின் கருங்கல் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ம் வருஷத்தது. மற்றது 921-ம் வருஷத்தது. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படித்திருப்பார்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். இப்படித் தேர்ந்தவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

இதெல்லாம் தெரிந்த கதை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. இந்த வாரியத்தார் ஒவ்வொருவருக்கும் எந்த அறை, எந்த ஆசனம் என்று சாசனத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஏரி வாரியத்தாருக்கு ஏரிக்கரையில் வேலை. தோட்ட வாரியத்தாருக்குத் தோட்டத்தில் வேலை. ஊர் முழுவதும் கூட வேண்டியபோது மண்டபம் இருந்தது. இடத்தைப் பற்றி இவ்வளவு தாராளமாக இருந்தவர்கள், கணக்கு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் தாராளம் காட்டவில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும், மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. கணக்கு எழுதுகிறவன் தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும். வேறொருவன் புகுந்து அதை முடிக்கக் கூடாது. நேர்மையாக நடந்தான் என்று தீர்ந்த பிறகுதான் அவனுக்கு மறுபடி வேலை. ஆக, எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று ஊர் கேட்கவில்லை. என்ன எழுதினாய் என்று கேட்டது. வேலை செய்கிறவன் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டாம். வேலைக்குப் பதில் சொன்னால் போதும் என்ற கொள்கை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

உடனே நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த ஓலையில் பெயர் எழுதப்பட என்ன தகுதி வேண்டும் என்பதையும் அதே சாசனம் சொல்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். வேத சாஸ்திரப் படிப்பு வேண்டும். அந்த ஏரியைத் தூர் வாரியவனுக்கும், அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவனுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. மண்டபத்துக்குச் சுவர் இல்லாதிருக்கலாம், வாசல் இருந்தது.

பிற்காலத்தில் அந்தச் சபா மண்டபமே கோயிலாயிற்று. ஒரு காரியத்துக்காகக் கட்டியதை இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்துவது நம் பக்கத்தில் சகஜம். மாமல்லபுரத்தில் குன்றின் மேல், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே இருக்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயிலைப் பழைய கலங்கரை விளக்கம் என்று ஊரார் சொல்வார்கள். பல்லவர் கட்டிய சிவன் கோயில். 19-ம் நூற்றாண்டில், பக்கத்தில் தனிக் கோபுரம் எழும் வரையில், அதன் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். கீழே கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கும் சிற்பம் பல்லவர் காலத்தில் வெட்டவெளியில் இருந்தது. பல நூறு வருஷம் கழித்து விஜயநகரத்தார் காலத்தில் அதன் முன்னால் தூண் மண்டபம் எழுந்தது. தூணும் தளமும் நன்றாக இருந்துவிட்டால், உள்ளே நடக்கும் காரியத்தை அந்தந்தத் தலைமுறை தீர்மானித்துக்கொள்கிறது. இன்றைய கட்டடச் சிற்பிகள் சக்கரம் வைத்த சுவரைக் கொண்டு சாதிக்க முயல்வதைப் பழைய மண்டபம் சுவரே இல்லாமல் சாதித்தது.

* * *

கடற்கரையோடு தெற்கே கொஞ்ச தூரம் போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் வாயில் சத்ராஸ் ஆகிவிட்டது. 17-ம் நூற்றாண்டிலிருந்து டச்சுக் கம்பெனி இங்கே வியாபாரம் செய்தது. செங்கல் கோட்டையும், கிடங்குகளின் இடிபாடும், நுணுக்கமான சித்திர வேலை செய்த கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. கம்பெனி உத்தியோகஸ்தருக்கு அதுவே கிடங்கு, அதுவே ஆபீஸ், அதுவே வீடு. இங்கே மூட்டை கட்டிக் கப்பலேற்றியது மெல்லிய துணி. அந்தத் துணியை நெய்தவர்கள் கோட்டைக்குள் இருக்கவில்லை. அவர்கள் தங்கள் வீட்டில் இருந்தார்கள்.

'வீட்டிலிருந்து வேலை' என்று இப்போது பெரிதாகச் சொல்கிறோமே, காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது அதைத்தான். வீட்டுக்குள் குழித்தறி. நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுப் பதப்படுத்த வீட்டில் இடம் போதாது. ஆகவே விடியற்காலையில் தெருவே தொழிற்சாலையாகும். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்டு பாவைச் சுருட்டினால் தெரு மறுபடி தெருவாகிவிடும். நெசவாளர் தெருக்கள் அகலமாக அமைந்த காரணம் இதுதான். மனைவி நூல் சுற்றுவாள், கிழவர் இழை பார்ப்பார், பையன் எடுபிடி செய்வான். வேலைக்குத் தக்கபடி இடம் விரிந்து சுருங்கியது.

இந்த ஏற்பாட்டில் நெசவாளிக்கு என்ன பலம் இருந்தது? சரித்திர ஆசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-ல் வெளியான தம் நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். 18-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய தென்னாட்டு நெசவாளி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். வியாபாரிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. நெய்த துணியை அவன் வாங்கியே தீர வேண்டும். கொடுமை பொறுக்க முடியாமல் போனால் நெசவாளர் ஊரையே காலி செய்துகொண்டு வேறு சீமைக்குப் போவார்கள். அவர்கள் கைக்குச் சந்தையில் கிராக்கி இருந்தது. கூப்பிட்டு இடம் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். கம்பெனியே அப்படிக் கூப்பிட்ட ஒரு கட்சிதான். 1734-ல் சென்னையில் சின்னத் தறிப் பேட்டை ஏற்பட்டது நெசவாளரையும் நூற்பவரையும் வரவழைத்துக் குடியமர்த்துவதற்காகவே. சிந்தாதிரிப்பேட்டை என்று இன்று நாம் சொல்லும் இடம் அது.

பிறகு கம்பெனி வியாபாரியாக இருந்தது போய் ராஜாவாக ஆயிற்று. வாங்குகிறவனே வரியும் வசூலித்து, தண்டனையும் கொடுக்க ஆரம்பித்தால் என்ன நடக்கும்? நெசவாளியின் வீடு அதே வீடு. தறி அதே தறி. தெரு அதே தெரு. ஆனால் "முடியாது" என்று சொல்லும் உரிமை போயிற்று. அதோடு வீட்டிலிருந்து வேலை செய்வதன் சுகமும் போயிற்று. அலுவலக அமைப்பைப் பற்றி யார் பேசினாலும் இந்த உதாரணத்தை நான் நினைத்துக்கொள்கிறேன். இடம் கொஞ்சமும் மாறாமலே வேலைக்காரனுடைய நிலைமை தலைகீழாக மாறிவிடக்கூடும்.

* * *

கம்பெனி ராஜாவான கதை இந்தச் சீமையிலேயே ஆரம்பிக்கிறது. 1763-ல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி செங்கற்பட்டுப் பிரதேசத்தைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்ற என்ஜினீயர் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். அவருக்கு விவரம் கொடுத்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் பனையோலைகள். பிற்காலத்தில் தரம்பால் போன்றவர்கள் ஆராய்ந்து எழுதியபோது அந்தக் கணக்குகள் மறுபடி பேர் பெற்றன.

1794 முதல் 1798 வரையில் ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். இவர் பேரைச் சொன்னால் மதுராந்தகத்துக்காரர்கள் உடனே ஏரி காத்த ராமர் கதையைச் சொல்வார்கள். பெருமழை, ஏரி உடையும் போல் இருக்கிறது, துரை இரவில் கரைக்கு வருகிறார், வில்லும் அம்புமாக இரண்டு வீரர்கள் கரையைக் காவல் காப்பதைக் காண்கிறார். விடிந்து பார்த்தால் கரை உடையவில்லை. தாயார் சந்நிதிக்குத் துரை செய்த திருப்பணியைக் கோயிலில் உள்ள கல்வெட்டு இன்றும் சொல்கிறது. ராம லக்ஷ்மணர் வந்ததைப் பக்தர்கள் நம்பட்டும். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. கலெக்டர் என்பவர் மழை இரவில் ஏரிக்கரையில் இருந்தார் என்று ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்களே, அதுதான். மேஜைக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை.

அவருடைய கச்சேரி மதுராந்தகத்துக்கு அருகில் கருங்குழியில் இருந்தது. 1795 முதல் ஜில்லாவின் தலைமைக் கச்சேரி அங்கே. 1825-ல் காஞ்சிபுரத்துக்குப் போயிற்று. 1835-ல் மறுபடி கருங்குழிக்கே திரும்பியது. 1859-ல் மூட்டை கட்டிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போயிற்று. ஜில்லாவுக்குப் பெயர் கொடுத்த செங்கற்பட்டு ஊர் மட்டும் காத்துக்கொண்டே இருந்தது. 2019 நவம்பர் 29-ம் தேதி தனி மாவட்டமாக ஆன பிறகுதான் அந்த ஊருக்கு அந்தப் பாக்கியம் முழுமையாகக் கிடைத்தது.

தலைமைக் கச்சேரி இப்படி ஊர் மாறிக்கொண்டிருந்தபோது, கலெக்டரின் உண்மையான அலுவலகம் கூடாரமாக இருந்தது. வருஷத்தில் பல மாதங்கள் முகாம். ஒட்டகம் அல்லது மாட்டு வண்டியில் கூடாரமும் மேஜையும் தஸ்தாவேஜுப் பெட்டிகளும் முன்கூட்டியே போய்விடும். சிரஸ்தார், குமாஸ்தாக்கள், டவாலிச் சேவகர்கள் பின்னால் போவார்கள். தோப்பில் கூடாரம் அடித்ததும் கச்சேரி தயார். ஜமாபந்திக்குக் கர்ணமும் மணியக்காரரும் கணக்குக் கட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். மடக்கினால் பெட்டியில் அடங்கும் மேஜை, மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில் எல்லாம் அந்த முகாம் வாழ்க்கையில் சர்வ சாதாரணம். 'நெகிழ்வான' சாமான்கள் என்று இன்று விலை கூறுகிறவர்களுக்கு அவை முன்னோடிகள்.

அலுவலகம் ஜனங்களைத் தேடி வருகிறது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த முகாமுக்குப் பால், கோழி, விறகு, புல், வண்டி எல்லாம் எங்கிருந்து வந்தன? முகாம் விழுந்த ஊரிலிருந்துதான். எல்லாவற்றுக்கும் ஒழுங்காக விலை கிடைத்தது என்று பழைய கிராமவாசி யாரும் சொன்னதில்லை. துரை வந்து போன பிறகு ஒரு வாரம் ஊரில் கோழி கூவாது என்று வேண்டுமானால் சொல்லியிருப்பார்கள். கச்சேரி நகர்ந்தது, நகர்த்திய தோள் குடியானவனுடையது.

முகாம் வராத மாதங்களில் குடியானவன்தான் கச்சேரிக்கு நடக்க வேண்டும். 1855-ல் சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காக நடந்த சித்திரவதைகளைப் பற்றி ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. கிட்டி போடுவது, வெயிலில் நிறுத்துவது, அண்ணாந்தாள் கட்டுவது என்று படிக்கவே மனம் கூசும் விவரங்கள் அதில் இருக்கின்றன. இவ்வளவு கொடுமைப்பட்டவர்கள் ஏன் புகார் செய்யவில்லை என்பதற்குக் கமிஷன் கண்ட காரணங்களில் ஒன்று தூரம். கலெக்டரைப் பார்க்கப் பல நாள் நடந்து, காத்துக் கிடந்து, கைப்பணத்தைச் செலவழிக்க வேண்டும். அதற்கு அடியே மேல் என்று இருந்துவிட்டார்கள். ஓர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது சில சமயம் உயிர் போகிற விஷயம்.

* * *

கிராமத்துக்குள்ளேயே இருந்த அலுவலகம் எது? கர்ணத்தின் வீட்டுத் திண்ணை. சாய்வு மேஜை, மைக்கூடு, நிலப்படம், அடங்கல் கணக்கு, பரணில் கட்டுக் கட்டாக ஓலையும் காகிதமும். வீடும் ஆபீஸும் ஒன்றுதான். சாப்பிட்ட கையோடு வெளியே வந்து உட்கார்ந்தால் உத்தியோகம் ஆரம்பம். தூக்கம் வந்தால் முடிந்தது. இதைவிட நெகிழ்வான அலுவலகத்தை யாராலும் அமைக்க முடியாது.

கர்ணத்துக்கு அது நெகிழ்வு. தெருவில் நின்றவர்களுக்கு? கர்ணம் எழுந்திருக்கும் வரையில் நிற்க வேண்டும். திண்ணையில் எல்லாரும் ஏற முடியாது. சேரியிலிருந்து வந்தவர் அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாது. தூரத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டும். தரிசு நிலத்துக்கு அவர் தர்க்காஸ்து மனுக் கொடுத்தாலும், மிராசுதாருக்கே முன்னுரிமை என்று விதி இருந்தது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891-ல் இந்த ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட மக்களுடைய நிலைமையை அறிக்கையாக எழுதினார். மறு வருஷம் பஞ்சமி நில உத்தரவு பிறந்தது. நிலம் கொடுக்கும் உத்தரவு கோட்டையிலிருந்து வந்தாலும், அதைப் பதிய வேண்டிய கணக்கு அதே திண்ணையில்தானே இருந்தது?

1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒரேயடியாக எடுத்துவிட்டது. பின்னால் பரீட்சை எழுதித் தேறிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கணக்கு திண்ணையிலிருந்து இறங்கிப் பொது அலுவலகத்துக்குப் போயிற்று. அந்த அலுவலகங்களில் பல சின்னஞ்சிறு அறைகள். மழை பெய்தால் ஒழுகும். ஆனாலும் அங்கே யாரும் ஏறலாம். நாலு சுவர் வைத்த, அசையாத, அழகில்லாத ஓர் அலுவலகம், பூவரச நிழல் விழும் திண்ணையைவிடச் சில பேருக்கு விடுதலையாக இருந்தது. நெகிழ்வு எப்போதும் நல்லது, கட்டுப்பாடு எப்போதும் கெட்டது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

* * *

மேல்நாட்டாரும் இந்தப் பாடத்தைத் தங்கள் வழியில் படித்திருக்கிறார்கள். 1906-ல் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் ஃபிராங்க் லாயிட் ரைட் ஒரு பிரமாதமான அலுவலகம் கட்டினார். நடுவில் உயரமான கூடம், மேலிருந்து வெளிச்சம். ஆனால் குமாஸ்தாக்களின் நாற்காலியை மேஜையோடு சேர்த்தே பூட்டிவிட்டார். மேஜைக்கு உரிய நாற்காலி, நாற்காலிக்கு உரிய மனிதன்!

அரை நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள் சுவர்களையெல்லாம் எடுத்துவிட்டு, செடித் தொட்டிகளுக்கு நடுவே மேஜைகளைத் தோட்டம் போல் பரப்பினார்கள். சமத்துவம் என்றார்கள். அங்கே உட்கார்ந்தவர்களுக்குச் சத்தம் தாங்கவில்லை. 1970-களில் வட ஐரோப்பாவில் தொழிலாளர் குழுக்கள், எங்களுக்குக் கதவும் சன்னலும் வேண்டும் என்று கேட்டு வாங்கின. அமெரிக்காவில் ராபர்ட் புரொப்ஸ்ட் என்பவர், மனிதன் உட்கார்ந்தும் நின்றும் நடந்தும் வேலை செய்யத் தக்கபடி 1960-களில் நகர்த்தும் தடுப்புகளை அமைத்தார். முதலாளிகள் அதே தடுப்புகளை நெருக்கி நெருக்கி வைத்துக் கோழிக்கூண்டு ஆக்கிவிட்டார்கள். தம் படைப்பு போன போக்கைப் பார்த்து அவரே மனம் நொந்தார்.

1972-ல் ஹாலந்தில் அப்பெல்டோர்ன் நகரத்தில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் என்பவர் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டடம் கட்டினார். சிறு சிறு மேடைகளாக அமைத்து, வேண்டுமென்றே பூச்சு இல்லாமல் விட்டார். மிச்சத்தை உட்காருகிறவர்களே முடித்துக்கொள்ளட்டும் என்றார். அவர்கள் செடி வைத்தார்கள், படம் மாட்டினார்கள், தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். அதற்கு நேர் எதிர் 1994-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் விளம்பரக் கம்பெனியான சையட் டே செய்தது. யாருக்கும் மேஜை கிடையாது. காலையில் வந்து கவுண்டரில் கம்ப்யூட்டரும் டெலிபோனும் வாங்கிக்கொள்ள வேண்டும். உலகமே வியந்தது. சில மாதத்துக்குள் ஜனங்கள் விடியற்காலையிலேயே வந்து யந்திரங்களைப் பதுக்கினார்கள். காகிதங்களைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தைகள் இழுக்கும் சிவப்பு வண்டியில் தம் ஆபீஸை இழுத்துக்கொண்டு போனார். சில வருஷத்தில் மேஜைகள் திரும்பி வந்தன.

ஹாலந்தில் மாற்றுகிற உரிமை உட்கார்ந்தவர் கையில் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் மாற்றுகிறவர் கையில் மட்டும் இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

மறுபடி நம் கரைக்கு வருவோம். செங்கற்பட்டு மாவட்டத்தில் சிறுசேரியில், டி.சி.எஸ். கம்பெனிக்காக உருகுவே நாட்டுச் சிற்பி கார்லோஸ் ஓட் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் அமைத்த கட்டடங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்வதற்கென்று கட்டியவை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தது. மாளிகைகள் காலியாயின. சாலை நெடுகிலும் இருந்த ஆபீஸ்கள் படுக்கையறைக்கும் சமையலறை மேடைக்கும் குடிபெயர்ந்தன. 2025-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் ஆபீஸுக்கு வந்தால் போதும் என்ற நிலை வரும் என்று அந்தக் கம்பெனி அப்போது அறிவித்தது. 2023-ல் எல்லாரும் திரும்பி வாருங்கள் என்று அழைத்தது. இடம் மாறுவது இரண்டு தடவையும் மேலிருந்து வந்த முடிவு.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி அந்தச் சாலையில் வேறொரு கம்பெனியில் வேலை செய்கிறாள். "எனக்கு மேஜையே கிடையாது, மாமா" என்றாள். "முதல் நாள் ராத்திரியே போன்ல சீட்டுப் பதிவு பண்ணணும். சன்னல் பக்கம் வேணும்னா சீக்கிரம் பண்ணணும். மறந்துட்டா கழிப்பறைக்குப் பக்கத்து சீட்டுதான். சாயங்காலம் எழுந்து வந்துட்டா, அங்கே நான் இருந்தேன்கிறதுக்கே அடையாளம் இருக்காது." அவளே இன்னொன்றும் சொன்னாள். மதுராந்தகத்திலிருந்து வரும் அவளுடைய சிநேகிதிக்குக் கைக்குழந்தை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தப் பெண் வேலையையே விட்டிருப்பாள். ஒரே ஏற்பாடு ஒருத்திக்கு நாற்காலியைப் பறித்தது. இன்னொருத்திக்கு உத்தியோகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. நெகிழ்வை ஒட்டுமொத்தமாகத் திட்டவும் முடியாது, புகழவும் முடியாது. வேண்டியவர் கேட்டுப் பெற்றாரா, வேண்டாதவர் தலையில் கட்டினார்களா என்று பார்க்க வேண்டும்.

மேஜையில்லாத கவலையைப் பேசும்போது, நாற்காலியே இல்லாதவர்களை மறந்துவிடக் கூடாது. ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடைவை விரித்துக் காட்டும் பெண்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்ய நமக்கு 2021 வரையில் ஆயிற்று. கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1947-ம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கேரளம் நமக்கு முன்னே 2018-ல் செய்தது. எந்தக் கட்டடச் சிற்பியும் படம் வரைந்து பரிசு வாங்காத சீர்திருத்தம், ஒரு முக்காலிதான். ஆனால் வேலை செய்கிறவரின் தேவைக்குத் தக்கபடி வேலை செய்யும் இடத்தை மாற்றுவது என்றால் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2023 ஏப்ரல் 21-ம் தேதி தமிழகச் சட்டசபையில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரையில் வேலை வாங்க இடம் கொடுத்தது அது. அதற்குச் சொன்ன பெயரும் 'நெகிழ்வு'தான்! வாரத்தில் நாலு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, விரும்பினால் மட்டும் என்று விளக்கினார்கள். தொழிற்சங்கங்கள் ஒப்பவில்லை. தினக்கூலிக்காரன் முதலாளியிடம் "எனக்கு விருப்பமில்லை" என்று எப்படிச் சொல்வான் என்று கேட்டார்கள். மூன்று நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பழைய நெசவாளிக்கு இருந்து போன அந்த "முடியாது" என்ற சொல், இங்கே கூட்டாகச் சொன்னதால் பலித்தது.

இந்தச் சீமையில் இன்னும் எத்தனையோ அலுவலகங்கள் எழும்பப் போகின்றன. கட்டுகிறவர்கள் சுவருக்குச் சக்கரம் வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படம் வரைவதற்கு முன்னால் உத்திரமேரூர் வரையில் ஒரு தடவை போய்வருவது நல்லது. வேலைக்குக் கணக்குக் கேட்கலாம், இடத்துக்குக் கேட்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சுவரில் பார்க்கலாம். குடத்தில் யாருடைய பெயர் எழுதிய ஓலை விழவில்லை என்பதையும் அங்கேயே யோசிக்கலாம். பிறகு திரும்பி வந்து, நாளைக்கு அந்த அலுவலகத்தில் உட்காரப் போகிற குமாஸ்தாவையும், கூட்டிப் பெருக்கப் போகிற அம்மாளையும், வாசலில் நிற்கப் போகிற காவல்காரரையும் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றும் இல்லை.